நாலு பேர் முன்னாடி பேசணும்னா கை ஜில்லுனு ஆகிடுதா? முதல்ல எதிர்ல இருக்கறவங்க முகத்த பாருங்க

"எனக்கு பேச வராதுக்கா, நீங்களே சொல்லிடுங்க." எங்க மகளிர் குழுவுக்கு புதுசா வர்ற பொண்ணுங்க கிட்ட நான் அதிகமா கேட்ட வார்த்தை இதுதான். நான் தர்மபுரி மாவட்டத்துல ஒரு கிராமத்துல தையல் கடை வச்சிருக்கேன், 14 வருஷமா குழுவுல இருக்கேன், நடுவுல 6 வருஷம் ஊக்குநரா, அதாவது குழுவ வழிநடத்தறவளா இருந்தேன். தமிழ்நாட்டுல சுய உதவிக் குழு திட்டத்த 1989ல முதல்ல ஆரம்பிச்சதே எங்க மாவட்டத்துல தான். சேமிப்பு, லோன் எல்லாம் அதுல கிடைச்சுது, ஆனா என்ன கேட்டா பெரிய லாபம் வேற, வீட்டு வாசல தாண்டி பேசாத பொம்பளைங்க பேங்க் மேனேஜர் எதிர்ல உக்காந்து பேச ஆரம்பிச்சாங்க பாருங்க, அதுதான். அது எப்படி நடந்துச்சுன்னு பக்கத்துல இருந்து பாத்தவ நான், அதனால இத எழுதறேன்.

முதல்ல என் கதைய சொல்லிடறேன். குழுவுல சேந்த புதுசுல ஒரு பேங்குக்கு எங்க லோன் பேப்பர் என்னாச்சுன்னு கேக்க போனேன். கூட ஒரு அக்கா வந்தாங்க, வயசுல மூத்தவங்க, மூணாவது வரைக்கும் தான் படிச்சவங்க. நான் பிளஸ் டூ முடிச்சவ, அதனால நீயே பேசுன்னுட்டாங்க. வழியெல்லாம் மனசுக்குள்ள பேசி பாத்துட்டே போனேன், ரூமுக்குள்ள நுழைஞ்சதும் எல்லாம் போச்சு. மேனேஜர் "என்னம்மா?"ன்னாரு, நான் "சார் அது வந்து... எங்க குழு... லோன் விஷயமா..."ன்னு இழுத்தேன், அவரு "அப்புறம் வாங்க"ன்னுட்டாரு, நான் தலைய ஆட்டிட்டு வெளிய வந்துட்டேன். பஸ் ஸ்டாப்புல கண்ணு கலங்கிடுச்சு. அப்போ அந்த அக்கா கேட்டாங்க, "கண்ணு, உள்ள அவரு என்ன பண்ணிட்டு இருந்தாருன்னு பாத்தியா?" நான் பாக்கவே இல்ல. "ஒரு கையில போனு, இன்னொரு கையில கையெழுத்து போட்டுட்டு இருந்தாரு, எதிர்ல ஒருத்தர் நின்னு தொந்தரவு பண்ணிட்டு இருந்தாரு. நீ உன் கையையே பாத்துட்டு இருந்த. அவரு உன்ன விரட்டலம்மா, அந்த நேரத்துல யாரு போயிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பாரு."

அன்னைக்கு மதியம் 3 மணிக்கு கூட்டம் குறைஞ்சப்புறம் திரும்ப போனோம், வேலை முடிஞ்சுது.

ரொம்ப வருஷம் கழிச்சு என் பொண்ணு ஸ்கூல் புக்குக்காக திருக்குறள் எடுத்து வச்சிருந்தப்போ அதிகார வரிசைய பாத்தேன், எனக்கு அந்த அக்கா தான் ஞாபகம் வந்தாங்க. 71வது அதிகாரம் குறிப்பறிதல், 72வது அவையறிதல், 73வது தான் அவையஞ்சாமை. எதிர்ல இருக்கறவங்க மனச முகத்துல படிக்கறது முதல்ல, இது என்ன மாதிரி கூட்டம்னு புரிஞ்சுக்கறது அடுத்து, பயப்படாம பேசறது அதுக்கப்புறம். நம்மள்ல நிறைய பேரு நேரா மூணாவதுக்கு தாவ பாக்கறோம், "பயப்படாத, தைரியமா இரு"ன்னு நமக்கு நாமளே சொல்லிட்டு போறோம். சொல்ல சொல்ல கவனம் முழுக்க நம்ம மேலயே திரும்புது, வேர்க்குதா, குரல் நடுங்குதா, புடவை சரியா இருக்கா. பயம் அங்க தான் வளருது. அதனால நான் யாருக்கு சொல்லிக் குடுத்தாலும் அந்த வரிசையில தான் ஆரம்பிக்கிறேன்.

முதல் வாரம் பேசவே வேணாம். பாருங்க, அவ்ளோதான். ரேஷன் கடையில வரிசையில நிக்கும்போது கடைக்காரர பாருங்க. கைரேகை வைக்கற மிஷின் ஒத்துக்காதப்போ அவரு முகம் எப்படி இருக்கு, ஒருத்தர் கார்டு முடிஞ்சு அடுத்த கார்ட வாங்கறதுக்கு நடுவுல ஒரு நொடி நிமிந்து பாக்கறாரு பாருங்க, அந்த நொடியில கேட்டவங்களுக்கு பதில் கிடைக்குது, மிஷின தட்டிட்டு இருக்கும்போது கேட்டவங்களுக்கு எரிஞ்சு விழறாரு. பஸ்ல கண்டக்டர், ஆஸ்பத்திரியில சீட்டு குடுக்கறவங்க, வீட்டுல மாமியார், எல்லார் கிட்டயும் அந்த நிமிந்து பாக்கற நொடி இருக்கு. ஒரு வாரம் இத மட்டும் கவனிச்சீங்கன்னா, இத்தன நாளு நம்ம மேல கோவம்னு நெனச்சதுல பாதி நம்ம மேல இல்லவே இல்லைன்னு கண்ணுக்கு தெரிய ஆரம்பிக்கும், அப்புறம் வாய் தானா கொஞ்சம் லேசாகும்.

ரெண்டாவது வாரத்துல பேச்சு, ஆனா தோத்தா நஷ்டம் இல்லாத பேச்சா இருக்கணும். கடையில "இந்த புளி புதுசா பழசாண்ணா?"ன்னு கேளுங்க. பஸ்ஸுல பக்கத்துல இருக்கறவங்க கிட்ட "எந்த ஊருக்கா?"ன்னு கேளுங்க. ஒரு நாளைக்கு 3 பேர் போதும். பதில் சொன்னாலும் சரி, சொல்லலைன்னாலும் சரி, கேட்டாச்சுன்னு கணக்குல சேத்துக்கோங்க. இதுல ஒன்னு முக்கியம், போன் பயம் தனி பயம். நேர்ல நல்லா பேசறவங்க கூட போன்ல திணறுவாங்க, ஏன்னா அங்க முகம் இல்ல, குறிப்பு பாக்க வழியில்ல. அதனால கேஸ் புக்கிங், டாக்டர் கிட்ட டைம் கேக்கறது மாதிரி சின்ன போன்லாம் வீட்டுக்காரர் கிட்ட தள்ளாம நீங்களே பண்ணுங்க, எடுத்ததும் "இப்போ பேசலாமாங்க?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. முகம் பாக்க முடியாத குறைய அந்த ஒரு கேள்வி ஓரளவுக்கு தீத்துடும்.

இப்போ பேங்க், ஆபீஸ் மாதிரி எடத்துக்கு வருவோம். அங்க போறதுக்கு முன்னாடி முதல் வாக்கியத்த மட்டும் நோட்டுல எழுதி மனப்பாடம் பண்ணுங்க, முழுசா மனப்பாடம் பண்ணாதீங்க, முழுசா பண்ணீங்கன்னா நடுவுல ஒரு கேள்வி கேட்டாங்கன்னா எல்லாம் கலைஞ்சிடும். முதல் வாக்கியத்துல 3 விஷயம் இருக்கணும்: நான் யாரு, எதுக்கு வந்தேன், எனக்கு என்ன தெரியணும். "வணக்கம் சார், நான் இந்த குழுவோட பிரதிநிதி, போன மாசம் 12ஆம் தேதி லோன் அப்ளிகேஷன் குடுத்தோம், அது எந்த நெலமையில இருக்குன்னு தெரிஞ்சுக்க வந்தேன்." இவ்ளோதான். இதுல "ஒரு சின்ன விஷயம் சார்", "தப்பா நெனச்சுக்காதீங்க", "உங்கள தொந்தரவு பண்றேன்" எதுவும் இல்ல பாருங்க. அத மொதல்லயே சொல்லிட்டா அவங்களும் இது சின்ன விஷயம், தொந்தரவுன்னு தான் எடுத்துப்பாங்க.

அடுத்தது நான் ரொம்ப அழுத்தி சொல்ற விஷயம், வாக்கியத்தோட கடைசி வார்த்தைய முழுங்காதீங்க. பயம் வந்தா நம்ம எல்லாருக்கும் மூச்சு வாக்கியத்தோட கடைசியில தான் தீந்து போகுது, ஆரம்பத்துல சத்தமா ஆரம்பிச்சு போக போக குரல் தேஞ்சிடும். தமிழ்ல இது பெரிய ஆபத்து, ஏன்னா நம்ம பேச்சுல விஷயமே கடைசியில தான் இருக்கு. "நான் பணம் கட்டிட்டேன்", "நான் பணம் கட்டல". முன்னாடி ரெண்டு வார்த்தையும் ஒன்னு தான். வேணும், வேணாம், முடியும், முடியாது, வந்துச்சு, வரல, எல்லாமே கடைசியில தான் நிக்குது. அத முழுங்கிட்டா எதிர்ல இருக்கறவங்களுக்கு நீங்க ஆமான்னீங்களா இல்லைன்னீங்களான்னே தெரியாது, "என்னம்மா சொல்ற?"ன்னு அதட்டுவாங்க, நாம அத கோவம்னு நெனச்சு இன்னும் சுருங்குவோம். எங்க குழுவுல இதுக்குன்னே ஒரு பயிற்சி வச்சிருந்தோம், ஒருத்தங்க கூடத்துல நின்னு பேசுவாங்க, இன்னொருத்தங்க வாசப்படியில உக்காந்து கடைசி வார்த்தைய மட்டும் திருப்பி சொல்லணும். கேக்கலைன்னா கைய தூக்கணும். முதல் நாள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கை தூக்கிட்டே இருப்பாங்க, நாலாவது கூட்டத்துல கை எறங்கிடும். வாக்கியத்த சின்னதா வெட்டிக்கோங்க, ஒவ்வொன்னுக்கும் முன்னாடி மூச்சு எடுங்க, அவசரமே இல்ல.

மரியாதைக்கும் பயத்துக்கும் நடுவுல ஒரு கோடு இருக்கு, அது நிறைய பேருக்கு கொழம்புது. சார்னு கூப்பிடறது மரியாதை, வாக்கியத்துக்கு மூணு தடவ சார் போடறது பயம். ஆரம்பத்துல ஒரு தடவ, கெளம்பும்போது ஒரு தடவ போதும். நாற்காலி காலியா இருந்தா "உக்காரலாங்களா?"ன்னு கேட்டுட்டு உக்காருங்க, உக்காந்து பேசற குரலும் நின்னுட்டு பேசற குரலும் வேற வேற. உங்கள விட வயசுல சின்னவங்க ஆபீஸ்ல உங்கள "நீ வா போ"ன்னு பேசினா சண்டைக்கு போக வேணாம், நீங்க மட்டும் "நீங்க சொல்லுங்க"ன்னு விடாம நீங்க போட்டே பேசுங்க, ரெண்டு நிமிஷத்துல பெரும்பாலும் அவங்களும் மாறிடுவாங்க, நான் எத்தனையோ தடவ பாத்திருக்கேன். மாறலைன்னா "கொஞ்சம் மரியாதையா பேசுங்க தம்பி"ன்னு குரல ஏத்தாம ஒரு தடவ சொல்லுங்க.

புரியாததுக்கு தலையாட்டறத விட்டுடுங்க. பேங்க்ல "உங்களுக்கு சிபில் இல்லைம்மா"ன்னு சொன்னதும் "சரிங்க சார்"னு வந்துட்ட பொம்பளைங்க எங்க ஊர்ல நிறைய பேர். சிபில்னா நாம முன்னாடி வாங்கின கடன எப்படி கட்டினோம்னு பாத்து 300லேர்ந்து 900 வரைக்கும் போடற மார்க், கடனே வாங்காதவங்களுக்கு மார்க் இருக்காது, அது தப்பும் இல்ல. இத கேட்டா தானே தெரியும்! "அப்படின்னா என்ன சார், கொஞ்சம் தமிழ்ல சொல்லுங்க"ன்னு கேக்கறது கூச்சப்பட வேண்டிய விஷயமே இல்ல, 1956லயே சட்டம் போட்டு தமிழ் தான் இந்த மாநிலத்தோட ஆட்சி மொழின்னு ஆக்கிட்டாங்க, தாலுகா ஆபீஸ்ல தமிழ்ல கேக்கறது நம்ம உரிமை. அவங்க சொல்லி முடிச்சதும் நீங்க புரிஞ்சுக்கிட்டத திருப்பி சொல்லுங்க: "அப்போ 15ஆம் தேதிக்குள்ள பாஸ்புக் ஜெராக்ஸ் மட்டும் குடுத்தா போதும், வேற எதுவும் வேணாம், சரிங்களா?" இது மாதிரி கேட்டா அவங்களும் ஒரு நிமிஷம் யோசிச்சு "ஆங், ஆதாரும் வேணும்"பாங்க, உங்களுக்கு ஒரு நடை மிச்சம்.

வெளியாளுங்க கிட்ட பேச கத்துக்கிட்டவங்க கூட சொந்தக்காரங்க கிட்ட மாட்டிக்குவாங்க. கடன் கேட்டு மாமா வந்து நிக்கறாரு, குடுக்க முடியாது, வாயில "பாக்கலாம் மாமா"ன்னு வந்துடும். நம்ம ஊர்ல பாக்கலாம்னா பாதிப்பேருக்கு இல்லைன்னு அர்த்தம், மீதி பாதிக்கு கெடைக்கும்னு அர்த்தம், மாமா ரெண்டாவது ரகம்னா அவரு அந்த பணத்த நம்பி வேற ஒருத்தர் கிட்ட வாக்கு குடுத்துடுவாரு. ஒரு வாரம் கழிச்சு நீங்க இல்லைன்னு சொல்லும்போது அது துரோகமா தெரியும், மொத நாளே சொல்லியிருந்தா வருத்தத்தோட முடிஞ்சிருக்கும். எப்படி சொல்றதுன்னா, "மாமா, இப்போ என்னால குடுக்க முடியாது. எங்கிட்ட கேட்டதுல தப்பே இல்ல, உரிமையா தான கேட்டீங்க. காபி குடிச்சிட்டு போங்க." காரணத்த அடுக்காதீங்க. பாப்பாவுக்கு பீஸ் கட்டணும்னு சொன்னீங்கன்னா பீஸ் எவ்ளோன்னு கேப்பாரு, அது ஜூன்ல தானன்னுவாரு, நீங்க சொல்ற ஒவ்வொரு காரணத்துக்கும் அவரு ஒரு வழி கண்டுபிடிப்பாரு. சொல்லிட்டு அந்த அமைதிய தாங்கிக்கணும், அதுதான் கஷ்டம், 5 நொடி 5 வருஷம் மாதிரி இருக்கும், அப்போ வாய் துடிக்கும் "இல்லைன்னா ஒரு 2000 மட்டும்..."னு. காபி போட உள்ள எந்திரிச்சு போயிடுங்க, உண்மையா சொல்றேன்.

வர வேண்டிய பணத்த கேக்கறதும் இதே மாதிரி தான். என் கடையில ஒருத்தங்க 4 ஜாக்கெட் தையக்கூலி 3 மாசமா குடுக்காம இருந்தாங்க, கோயில்ல பாத்தா சிரிப்பாங்க, நானும் சிரிச்சிட்டு வந்துடுவேன், வீட்டுக்கு வந்து ராத்திரி தூக்கம் வராது. கடைசியில அவங்க தனியா இருக்கற நேரம் பாத்து, மத்தவங்க எதிர்ல இல்லாம, "அக்கா, ஜாக்கெட் கூலி 1400 பாக்கி இருக்கு, இந்த வாரத்துக்குள்ள குடுத்துடுங்க, லைனிங் துணி எடுக்கணும்"னேன். "அடடா மறந்தே போச்சு"ன்னு அன்னைக்கு சாயங்காலமே பையன் கிட்ட குடுத்து விட்டாங்க. தொகை, நாள், ரெண்டையும் சொல்லணும். "அந்த பணம்..."னு இழுத்தா அது எந்த பணம்னு அவங்களும் யோசிக்க மாட்டாங்க.

இதெல்லாம் பழகிட்டா கிராம சபைக்கு போங்க. தமிழ்நாட்டுல வருஷத்துக்கு 6 தடவ நடக்குது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஓட்டர் லிஸ்ட்ல பேர் இருக்கற யாரு வேணா பேசலாம், யார் கிட்டயும் அனுமதி வாங்க வேணாம். பேச்சு பழக இத விட நல்ல எடம் எனக்கு தெரியல, ஏன்னா அங்க இருக்கறது முழுக்க நம்ம தெரு ஆளுங்க, பேசப் போறது நம்ம வீட்டு தண்ணியும் லைட்டும். முதல் தடவ போனா பேசாம பின்னாடி உக்காந்து பாருங்க, யாரு பேசினா தலைவர் எழுதிக்கறாரு, யாரு பேசினா எல்லாரும் எழுந்து போறாங்கன்னு. அவையறிதல்னா இது தான். பழைய சண்டைய எடுத்தவங்க பேச்சு அப்படியே காத்துல போகும், ஒரே ஒரு விஷயத்த எடத்தோட தேதியோட சொன்னவங்க பேச்சு தீர்மானத்துல ஏறும். நான் முதல் தடவ பேசினப்போ 3 வாக்கியம் தான்: "எங்க தெருவுல கோயில்லேர்ந்து பள்ளிக்கூடம் வரைக்கும் 4 கம்பத்துல லைட் எரியல. 2 மாசமா டியூஷன் முடிச்சிட்டு வர்ற புள்ளைங்க இருட்டுல வருதுங்க. இத தீர்மானமா எழுதணும்." முழங்கால் ஆடுச்சு, புடவை மறைச்சுடுச்சு. முன்னாடியே பக்கத்து வீட்டு அண்ணி கிட்ட சொல்லி வச்சிருந்தேன், நான் முடிச்சதும் "ஆமாங்க, நானும் அதே தெரு தான்"னு எந்திரிச்சாங்க. தனியா பேசாதீங்க, கூட ஒரு ஆமாவ கூட்டிட்டு போங்க. மனுவ எழுதியும் கையில வச்சுக்கோங்க, வார்த்தை நின்னு போச்சுன்னா அத பாத்து படிச்சிடலாம், பாத்து படிக்கறது கொறச்சல் இல்ல.

தடுமாறினா என்ன ஆகும்னு கேப்பீங்க. எங்களுக்கு வந்த ஒரு பயிற்சியில ஒரு மேடம் ஒரு ஆய்வு சொன்னாங்க, 2000ல வெளியானது, அமெரிக்காவுல கார்னெல் பல்கலைக்கழகத்துல செஞ்சது. ஒரு மாணவருக்கு போட்டுக்கவே கூச்சமா இருக்கற மாதிரி ஒரு பாடகர் படம் போட்ட டீ-ஷர்ட்ட மாட்டி விட்டு மத்த பசங்க இருக்கற ரூமுக்குள்ள அனுப்புவாங்க. எத்தன பேர் கவனிச்சிருப்பாங்கன்னு கேட்டா பாதிப்பேர்னு நெனச்சாங்க, உண்மையில கால்வாசிப் பேர் தான் கவனிச்சிருந்தாங்க. நம்ம நடுக்கமும் அப்படித்தான், நமக்கு இடி மாதிரி கேக்கும், அவங்களுக்கு ஒரு சின்ன இருமல். 2018ல இன்னொரு ஆய்வு வந்துச்சு, புதுசா பேசி பழகின ரெண்டு பேர்ல ஒவ்வொருத்தரும் "அவங்களுக்கு என்ன அவ்ளோவா புடிக்கல"ன்னு நெனச்சாங்களாம், ஆனா அவங்க நெனச்சத விட எதிர்ல இருந்தவங்களுக்கு அவங்கள அதிகமாவே புடிச்சிருந்துச்சாம். ராத்திரி படுத்துட்டு "ஐயோ அப்படி சொல்லிட்டேனே"ன்னு ஓட்டி பாக்கறப்போ இத ஞாபகம் வச்சுக்கோங்க. நான் அந்த நேரத்துல நோட்டுல ஒரே ஒரு வரி எழுதுவேன், இன்னைக்கு எந்த எடத்துல அவங்க முகம் மாறுச்சுன்னு. அதுக்கு மேல யோசிக்க விட மாட்டேன்.

ஒன்னு மட்டும் தனியா சொல்லணும். சில பேருக்கு இது பழக்கத்துல போற பயம் இல்ல. ஆளுங்கள பாக்கணும்னாலே வாரக்கணக்கா தூக்கம் போயிடும், நெஞ்சு அடைக்கும், வேலைய விட்டுடலாம்னு தோணும், வீட்ட விட்டே வெளிய வர மாட்டாங்க. அது அவங்க கோழைத்தனம் இல்ல, அதுக்கு சிகிச்சை இருக்கு. மாவட்ட அரசு ஆஸ்பத்திரியில மனநல டாக்டர் இருக்காங்க, 14416க்கு போன் பண்ணா டெலிமானஸ்ங்கற அரசு மனநல உதவி லைன்ல எந்த நேரமும் தமிழ்லயே பேசுவாங்க, காசு கெடையாது. போன் பண்ணவே பயமா இருந்தா வீட்டுல யாராவது கூட உக்காந்து நம்பர போட்டு குடுங்க.

வீட்டுல, குழுவுல, கடையில, எங்கயா இருந்தாலும் பேச்ச முறை வச்சு சுத்தி விடுங்க. எங்க குழுவுல வாரக்கூட்டத்த ஒவ்வொரு வாரமும் ஒருத்தங்க நடத்தணும்னு வச்சோம், நல்லா பேசறவங்களே பேசிட்டு இருந்தா மத்தவங்க 10 வருஷம் ஆனாலும் வாய் திறக்க மாட்டாங்க. போன மாசம் புதுசா கல்யாணமாகி வந்த ஒரு பொண்ணு முறை வந்துச்சு. நோட்ட ரெண்டு கையாலயும் புடிச்சிட்டு நின்னா. பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நிமிந்து எங்க எல்லார் முகத்தையும் ஒரு சுத்து பாத்தா, ஓரமா ரெண்டு பேர் ஏதோ பேசிட்டு இருந்தாங்க, அவங்க முடிக்கற வரைக்கும் நின்னா. அப்புறம் "இந்த வாரம் சேமிப்பு 2400 ரூபா. ரெண்டு பேர் கட்டல"ன்னு படிச்சா. வாசப்படியில உக்காந்திருந்த கெழவி அங்கேர்ந்தே "யாரு கட்டல?"ன்னு கேட்டுச்சு.